பார்க்காமல் டிக் போடாதே

மெம்ஃபிஸ்
ஆகஸ்ட் 14, 1988

வண்டு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷமோ ஆயிற்று. சிகாகோவில் நீ மிஸ்டர் லூஷியஸ் கேட்ஸ். பள்ளிக்கூட நூலகத்திலும் அப்படி, உன் புத்தக அட்டைகளிலும் அப்படி. எனக்கு நீ மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்து எழுத்துக் கூட்டின வண்டுதான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும். நிதானமாக வாசி.

போனில் பேசலாம் என்று பார்த்தால் நான் அழுகிறேன், நீ "அக்கா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். என் பிள்ளை லவெலை மண்ணில் வைத்த அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். ஒரு வாய் சாப்பிடவில்லை. காகிதம் என்றால் அழுதாலும் நீ முழுக்க வாசித்துத்தான் ஆகவேண்டும்.

சலவைக்கூடம் விட்டால் எனக்கு இப்போது ஒரே வேலை, பாத்திரம் திருப்பிக் கொடுப்பது. சாவுக்குச் சபையார் கொண்டுவந்த பாத்திரங்கள் அடுக்களை முழுக்க நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதியிருக்கிறார்கள். கழுவித் துடைத்து, நாளுக்கு இரண்டு மூன்றாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒரு வெள்ளைப் பீங்கான் பாத்திரத்துக்கு மட்டும் பேர் இல்லை. பீச் பழம் வைத்துச் சுட்டது வந்ததே, அது. யாரைக் கேட்டாலும் தங்களுடையது இல்லை என்கிறார்கள்.

பாத்திரம் கொடுக்கப் போகிற வீட்டில் எல்லாம் ஒரே பேச்சு. சகோதரி ஒடெசா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"வெர்னெல், தப்பா எடுத்துக்காத. ஆத்துப் பக்கம் போகாதன்னு சொல்லித்தான வளத்த?"

"சொல்லித்தான் வளத்தேன்."

"அப்ப அவன்தான் கேக்கல."

பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அதோடு விட்டால் பரவாயில்லை. போன ஞாயிறு போதகர் விட்டேக்கர் கீழ்ப்படியாத பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். செய்யட்டும், வேதத்தில் இருக்கிறது. அவன் பேரைச் சொல்லிச் செய்தார். முடித்ததும் சின்னப் பிள்ளைகளை எல்லாம் முன்னால் வரவழைத்து நிறுத்தி, "நான் லவெல் மாதிரி ஆகமாட்டேன்" என்று மூன்று தடவை சொல்லவைத்தார். பக்கத்து வீட்டு ட்ரேசி இருக்கிறாளே, ஆறு வயசு, லவெல்தான் அவளுக்கு ஷூக் கயிறு கட்டிவிடுவான், அவளும் சொன்னாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இந்த ஞாயிறு போகவில்லை. அதனால்தான் இதை எழுத நேரம்.

அவன் சொல் கேளாதவனா, வண்டு? தொட்டியில் தலை கழுவிவிட்டாலே ஊரைக் கூட்டுவான். தண்ணீர் என்றால் அவ்வளவு பயம். நம் வீட்டில் எவருக்கு நீச்சல் தெரியும்? நம் காலத்தில் வெள்ளைக்காரர்கள் நீந்தின நகரத்துக் குளத்தைக் கறுப்பர்கள் நமக்கும் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, குளத்தைப் பூட்டியே போட்டார்கள். நான் அவனுக்குப் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று, ஆற்றுப் பக்கம் போகாதே. பதினோரு வருஷம் போகவில்லை. இந்தக் கோடையில் மழை இல்லாமல் ஆறு இறங்கிப்போய்ச் சேறாகக் கிடக்கிறது. அதில் விளையாட என்ன இருக்கிறது? கூட ஒரு பையனும் இல்லை. தனியாகப் போயிருக்கிறான்.

மீன் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் போலீசிடம் சொன்னது உனக்கும் தெரியும். பஞ்சுக் கிடங்கு படித்துறையில் பையன் மெதுவாக இறங்கினான், உதடு அசைந்துகொண்டே இருந்தது, பிறகு வழுக்கினான். ஒடெசா அதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருக்கிறாள், எழுதக் கை கூசுகிறது.

என்னிடம் சொல்லாததை எல்லாம் அவன் உன்னிடம் சொல்வான். ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் உன்னோடு போன். நம் பையன்களைப் பற்றி நீ எழுதுகிற கதைகளில் எது சரி, எது தப்பு என்று உனக்கே பாடம் நடத்துவான். அதனால் உன்னைக் கேட்கிறேன். அவன் ஏன் போனான்? தெரிந்தால் சொல். சபையில் அவன் பேரை நான் நிமிர்த்தி வைக்கவேண்டும். மற்றபடி எனக்கு ஒன்றும் வேண்டாம்.

வெர்னெல்


சிகாகோ
ஆகஸ்ட் 27, 1988

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. பலமுறை வாசித்தேன். உன் எழுத்து கோணல் இல்லை.

பையன்கள் போவார்கள், அக்கா. காரணம் வைத்துக்கொண்டு போவதில்லை. நானும் ஒன்பது வயதில் அந்தப் படித்துறைக்குப் போயிருக்கிறேன், உனக்குத் தெரியாமல். ஆறு இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பான், பார்க்க ஆசையாக இருந்திருக்கும். இதற்குமேல் தோண்டினால் உனக்குத்தான் வலி.

போதகர் செய்தது தவறு. ஆனால் அவரோடு மல்லுக்கு நின்று என்ன ஆகப்போகிறது? நாளடைவில் மறந்துவிடுவார்கள். வேறு சபைக்கு வேண்டுமானால் போய்ப் பாரேன்.

எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நியூயார்க்கிலிருந்து எடிட்டர் அம்மாள் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கால் வீக்கத்துக்கு மருந்து போடு.

உன் தம்பி
லூஷியஸ்


மெம்ஃபிஸ்
செப்டம்பர் 7, 1988

வண்டு,

சொல்லை வைத்துப் பிழைக்கிறவன் நீ. எனக்கு அனுப்பினது இதுதானா? மருந்து போடு, வேறு சபைக்குப் போ. நம் அம்மாவை அடக்கம் செய்த சபை அது. என் பிள்ளைக்குக் கெட்ட பேர் அங்கே இருக்கிறது. நான் வேறு இடத்தில் போய் உட்கார்ந்து பாட்டுப் பாடவா?

சவ அடக்கத்தன்று கொடுத்த காகிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். லவெலின் பள்ளிக்கூடப் படம் போட்டு, கீழே அவன் வாழ்க்கையை நீ எழுதினது. "விளையாடப் போன இடத்தில் ஆண்டவர் அழைத்துக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறாய். விளையாடப் போனான் என்று உனக்கு யார் சொன்னது? அன்றைக்கு நான் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. போதகர் அதைப் பிடித்துக்கொண்டுதான் பிரசங்கம் செய்திருக்கிறார்.

சரி, ஒரு நல்ல சேதி சொல்கிறேன். பள்ளி திறந்துவிட்டது. அவன் சட்டைகளை யாருக்காவது கொடுக்கலாம் என்று அலமாரியை இறக்கினேன். கீழ்த்தட்டில் நீ அனுப்பின பழுப்பு உறை இருந்தது. நீ எழுதிக்கொண்டிருந்த ஓட்டிஸ் பையன் கதை. நீ டைப் அடித்த பக்கங்கள், ஓரம் எல்லாம் அவன் பென்சில். சரியென்றால் டிக், தப்பென்றால் வட்டம். சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு வேளையில் ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று வாசிக்கிறேன். எனக்கு அவ்வளவுதான் முடியும்.

ஓட்டிஸ் தன் கூட்டாளியைப் பார்த்து "நண்பனே, நலமா?" என்று கேட்கிறானாம். பெரிய வட்டம். "மாமா, எங்க தெருவுல இப்டி யாராச்சும் பேசினா அடி விழும்" என்று எழுதியிருக்கிறான். நான் சிரித்த சத்தத்தில் மேஸ்திரி திரும்பிப் பார்த்தான். லவெல் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அடுத்த பக்கம். ஓட்டிஸின் அம்மா வேலை விட்டு வந்து பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள் என்று நீ எழுதியிருக்கிறாய். அதற்கும் வட்டம். "அம்மா வேலைவிட்டு வந்தா பாட மாட்டா. வெந்நில கால வச்சிட்டுப் பேசாம இருப்பா. அப்ப நானும் பேசாம பக்கத்துல இருப்பேன்."

அந்தப் பக்கத்தை நாலு நாள் வைத்திருந்தேன்.

நேற்று பெர்சி கடைப் பகுதி வந்தது. சின்னப் பையன்களுக்கு முடி வெட்ட நாற்காலியின் கை மேல் குறுக்காகப் பலகை போடுவாரே, அந்தப் பலகை இல்லாமல் ஓட்டிஸ் முதல் தடவை உட்காருகிறான். கால் தரையைத் தொடவில்லை, ஆனாலும் பெரிய மனுஷன் மாதிரி கண்ணாடியைப் பார்க்கிறான். லவெல் இரண்டு டிக் போட்டிருக்கிறான். கீழே, "எனக்கு இன்னும் பலகைதான். பள்ளிக்கூடம் தொறந்ததும் எடுத்துர்றேன்னு பெர்சி சொல்லிருக்காரு." அடக்கத்துக்கு முன்னால் பெர்சி வந்து வெட்டிவிட்டது உனக்கு நினைவிருக்கும். படுக்கவைத்துத்தான் வெட்டினார்.

இன்னும் இருபது பக்கம் போல இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் அவன் பேசுகிறான். முடிந்துவிடக்கூடாதே என்று மெல்ல வாசிக்கிறேன்.

வெர்னெல்


சிகாகோ
செப்டம்பர் 12, 1988

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். அந்த உறையை அப்படியே திருப்பி அனுப்பு. மேலே வாசிக்காதே. மீதிப் பக்கங்கள் சரியாக வரவில்லை, யாரும் வாசிக்கிற நிலையில் இல்லை. ஏன் என்று நீ கேட்பாய், தெரியும், ஆனாலும் ஒரு தடவை எனக்காக இதைச் செய். பெர்சி கடைப் பகுதியோடு நிறுத்திக்கொள்.

லூஷியஸ்


மெம்ஃபிஸ்
செப்டம்பர் 20, 1988

லூஷியஸ்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே வாசித்துவிட்டேன். வந்திருந்தாலும் வாசித்திருப்பேன்.

அறுபத்தொன்றாம் பக்கம். நீ எழுதினதை நானே பார்த்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் என்னுடையது.

"ஓட்டிஸ் பஞ்சுக் கிடங்கு படித்துறையில் இறங்கினான். இருபத்தாறு படிகள். இருபத்தாறாவது படியில் நின்றபோது ஆறு அவன் காலணியைத் தொட்டது. அவன் பயப்படவில்லை."

டிக்கும் இல்லை, வட்டமும் இல்லை. ஓரத்தில் என் பிள்ளை எழுதியிருப்பது இது.

"இருபத்தாறுன்னு எப்படிச் சொல்றீங்க மாமா? ஆறு கீழ போயிருச்சு, இன்னும் நிறைய படி வெளிய வந்திருக்கும். பாக்காம டிக் போடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. சனிக்கிழம போய் எண்ணிட்டு வந்து சொல்றேன். பயப்படலன்னு போட்டிருக்கீங்க, அதயும் பாக்கணும்."

விளையாடப் போகவில்லை. வேலையாகப் போயிருக்கிறான். கிழவர் பார்த்த உதடு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

உனக்குத் தெரியுமா என்று கேட்கப்போவதில்லை. உறையைத் திருப்பி அனுப்பு என்று நீ எழுதினதிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாய். தெரிந்துகொண்டே "விளையாடப் போன இடத்தில்" என்று அச்சடித்தாய். போதகர் பிள்ளைகளை நிறுத்திச் சொல்லவைத்தார் என்று நான் எழுதினேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. "பையன்கள் போவார்கள், அக்கா."

நீ பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று நான் பஞ்சுக் காட்டுக்குப் போனேன். சொல்லிக்காட்ட வேண்டாம் என்று முப்பது வருஷம் இருந்தேன். இன்றைக்குச் சொல்லிக்காட்டுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அக்டோபர் பதினாறாம் தேதி ஞாயிறு சபைக்கு வா. சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, "நான் சொன்னேன், அதனால் போனான்" என்று சொல். அவ்வளவு போதும். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போ, நான் நிறுத்தமாட்டேன்.

வெர்னெல்


சிகாகோ
அக்டோபர் 2, 1988

அக்கா,

நீ கேட்டது ஒரே கேள்வி. இரண்டு மாதமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எழுதின கதையில் ஆறே கிடையாது. பெர்சி கடையோடு முடிந்தது. பலகை இல்லாமல் ஓட்டிஸ் உட்காருகிறான், வெளியே வருகிறான், கழுத்துப் பக்கம் காற்று சில்லென்று படுகிறது, வீட்டுக்குப் போகிறான். அவ்வளவுதான். பதினைந்து வருஷம் நூலகத்தில் இருந்து பார்த்தவன் நான். நம் பையன்கள் அலமாரியில் தேடுகிற புத்தகம் அதுதான், யாரும் சாகாத, யாரும் ஓடாத ஒரு சனிக்கிழமை.

எடிட்டர் அம்மாள் வாசித்துவிட்டுப் போன் செய்தார். "லூஷியஸ், அழகா இருக்கு. ஆனா இவனுக்கு எதுவுமே நடக்கலையே. முடி வெட்டிக்கிறான், திட்டு வாங்குறான், சாப்புடுறான். இந்த மாதிரிப் பசங்க கதைன்னா ஒரு ஆபத்து இருக்கும்னு எதிர்பாப்பாங்க." நான் மறுத்துப் பேசியிருக்கவேண்டும். இரண்டு வருஷமாக என் புத்தகம் எதுவும் வரவில்லை, மறந்துவிடுவார்களோ என்று பயம். சரி என்றேன். துப்பாக்கி எழுத மனம் வரவில்லை. ஆறுதான் சாதுவானது என்று நினைத்தேன். ஒன்பது வயதில் எண்ணின இருபத்தாறு நினைவில் இருந்தது, எழுதினேன். இத்தனைக்கும் அன்று நான் இருபத்தாறாவது படிவரை இறங்கவே இல்லை. மேலே நின்று எண்ணினேன். பயமாக இருந்தது.

அந்தப் பக்கங்களை லவெலுக்கு அனுப்பியிருக்கவே கூடாது. அனுப்பினேன். அவன் டிக் போடாத பக்கத்தை நான் நம்புவதில்லை.

ஜூலை 21, வியாழன். ஞாயிறு வரை பொறுக்காமல் கூப்பிட்டான். நீ வேலைக்குப் போயிருந்தாய். நான் கோடைக்கால வகுப்புக்காக நூலகத்தில் இருந்தேன், எதிரே இரண்டு வாத்தியார்கள் காத்திருந்தார்கள். "மாமா, இருபத்தாறு தப்பா இருக்கும்னு தோணுது" என்றான். நான் எப்போதும் சொல்கிறதையே சொன்னேன். "தோணுதுன்னு எல்லாம் சொல்லக்கூடாதுடா. பாக்காம டிக் போடாத. போய்ப் பாரு, பாத்துட்டுச் சொல்லு." சிரித்துக்கொண்டே சொன்னேன். மளிகைக் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எல்லாவற்றுக்கும் அப்படித்தான் அனுப்புவேன். அவன் எதைப் பற்றிக் கேட்கிறான் என்பது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. "அம்மாகிட்ட சொல்லவா?" என்று கேட்டான். "உன் வேல, நீயே பாத்துக்க" என்றேன்.

சொல் கேளாமல் போகவில்லை, அக்கா. இரண்டு பேர் சொன்னதில் என் சொல்லைக் கேட்டுப் போனான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவன் இறந்தது தெரிந்து எடிட்டர் அம்மாள் ஆறுதல் சொல்லக் கூப்பிட்டார். அழுதார், பொய்யாக இல்லை. பேச்சின் முடிவில் மெதுவாகச் சொன்னார்: "இப்ப இந்தக் கதை எங்க போய் முடியணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்." அதற்குப் பிறகுதான் போன் எடுப்பதை நிறுத்தினேன்.

உன் கால் வீக்கத்தைப் பற்றி எழுதின கைதான் இதையும் எழுதுகிறது. என்னால் அங்கே வந்து நிற்க முடியாது. மூன்று தடவை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினேன். அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவன்.

புத்தகத்தை எரித்துவிடப்போகிறேன். உன்னிடம் இருக்கும் பக்கங்கள் உன்னுடையவை, அவற்றை நான் கேட்கமாட்டேன்.

லூஷியஸ்


மெம்ஃபிஸ்
அக்டோபர் 30, 1988

வண்டு,

கூப்பிட வேறு ஆள் இல்லாததால் இப்படிக் கூப்பிடுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அதெல்லாம் வருகிறபோது வரட்டும், வராமலும் போகலாம்.

நீ வரவில்லை. அதனால் உன் கடிதம் போயிற்று. பதினாறாம் தேதி காலை லவெல் அடக்கத்துக்குப் போட்ட அதே கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனேன். கதவருகே நின்ற சகோதரிகள் விசிறி கொடுத்தார்கள். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. யார் எழுந்தாலும் உட்கார் என்று சொல்லமுடியாத நேரம் அது ஒன்றுதான். எழுந்தேன்.

"என் தம்பி எழுதினத வாசிக்கப் போறேன். எனக்கு வாசிப்பு வராது, பொறுத்துக்கங்க" என்றேன்.

முதல் பக்கத்திலேயே எடிட்டர் என்ற இடத்தில் திணறினேன். நான் மூன்று தடவை முயன்று நிற்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "மெதுவா, மகளே, மெதுவா" என்றாள். பிறகு அங்கொருவர் இங்கொருவராக, "மெதுவா வாசி, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்கள். பிரசங்கத்தின் நடுவே போதகரை உற்சாகப்படுத்தச் சொல்கிற மாதிரியே எனக்கும் சொன்னார்கள். முழுக்க வாசிக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. "இரண்டு பேர் சொன்னதில் என் சொல்லைக் கேட்டுப் போனான்" என்ற இடம் வந்தபோது விசிறிகள் நின்றுவிட்டன.

முடித்துவிட்டு, "என் பிள்ள சொல் கேக்காதவன் இல்ல. நீங்க சொல்லவச்ச பிள்ளைங்ககிட்ட அதத் திருப்பிச் சொல்லுங்க" என்று போதகரைப் பார்த்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த ஞாயிறு சொல்றேன், சகோதரி" என்றார். அடுத்த ஞாயிறு நோவாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இன்றைக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முதல் வரிசையில் போய் உட்காருவேன். அவர் சொல்கிறவரை என் முகத்தைப் பார்த்துத்தான் பிரசங்கம் செய்யவேண்டும்.

ஆனால் ட்ரேசி வந்தாள். வீட்டு வாசலில் நின்று, "லவெல் வேலைக்குப் போனானாமே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நான் சொன்னது பொய்யா?" "நீ சொன்னது உனக்குத் தெரியாம சொன்னது." ஷூவை நீட்டினாள். கட்டிவிட்டேன்.

ஒடெசா வரவில்லை. வேறொருவர் வந்தார். பெர்சி. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த வெள்ளப் பாத்திரம் என்னுது, வெர்னெல்" என்றார். ஏன் பேர் போடவில்லை என்று கேட்டேன். "முடி வெட்றவன் சுட்டதுன்னு தெரிஞ்சா எவன் தொடுவான்? முடி கெடக்குமோன்னு பாப்பான்" என்றார். நானும் அவரும் சிரித்தோம், பிறகு அவர் அழுதார். கக்கத்தில் பலகையையும் கொண்டுவந்திருந்தார். "இத நீ வச்சிக்க. வேற பயலுக்குப் போட மனசு வரல" என்றார். நான் வாங்கவில்லை. "மத்த பசங்க உக்காரணுமில்ல. எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிப் பாத்திரத்தை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது உன் புத்தகம். எரிக்காதே. அதில் பாதி என் பிள்ளை செய்த வேலை. அவன் டிக் போட்டதை நீ எரிக்கமுடியாது. ஆற்றுப் பக்கங்களை எடுத்துவிடு. பெர்சி கடையோடு முடி, முதலில் எழுதின மாதிரி. நான் பாட்டுப் பாடுகிற இடத்தில் காலை வெந்நீரில் வை. அந்த அம்மாள் கேட்டால் இப்படிச் சொல்: புத்தகத்தில் பையன் சாகமாட்டான். அதை ஒரு தடவை செய்தாகிவிட்டது, இரண்டாம் தடவை செய்யமாட்டான். வேண்டாம் என்றால் வேறு ஆளிடம் கொடு. யாருமே போடாவிட்டால் நீயே டைப் அடித்து உன் நூலகத்து அலமாரியில் வை. முன்பக்கத்தில் "லவெலுக்கு" என்று எழுதாதே. எழுதினால் உன் மனம் ஆறிவிடும்.

நேற்று படித்துறைக்குப் போனேன். என் வயசில் முதல் தடவை. அவன் பென்சிலைக் கையில் வைத்திருந்தேன், எதற்கென்று தெரியாது. கைப்பிடிச் சுவர் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக இறங்கினேன், எண்ணிக்கொண்டே. இருபத்தாறு வரை கல் காய்ந்து நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே எத்தனையோ வருஷம் தண்ணீருக்குள் கிடந்த படிகள். பச்சையும் சேறுமாக, கை வைத்தாலே வழுக்குகிறது. முப்பத்தெட்டு எண்ணினேன். முப்பத்தெட்டோடு தண்ணீர் வந்துவிட்டது. அதே கிழவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கி இன்னும் கீழ கெடந்துச்சும்மா ஆறு. இப்பக் கொஞ்சம் ஏறிருக்கு" என்றார். எந்தப் படியில் வழுக்கினான் என்று கேட்டேன். கையைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டி, "அந்தப் பக்கம்தான். நான் எண்ணலையே" என்றார்.

அறுபத்தொன்றாம் பக்கத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இருபத்தாறைச் சுற்றி நானே ஒரு வட்டம் போட்டுவிட்டேன். அது தப்பு, நான் பார்த்தேன். பக்கத்தில் சரியானதை எழுதவேண்டும், அவன் அப்படித்தான் செய்வான். இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அவன் வாயிலிருந்து கடைசியாக வந்தது எத்தனை, வண்டு?